மலைக்குப் பின்னால் நின்ற குதிரைகள்

அக்கா,

இன்று மதியம் இரண்டு கல்லூரி மாணவர்கள் பென்டிரைவோடு கடைக்கு வந்தார்கள். தடித்த அட்டையில் ஒரு வரைபடம் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். திறந்து பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம். நடுவே ஓர் ஆறு, அதன்மேல் பாலம், மூலையில் ஒரு கோட்டை. அட்டை மெஷினிலிருந்து வெளியே வந்தபோது சூடான மை வாசனை வந்தது. வெறும் தாளில் அந்த வாசனை வராது, அட்டையில்தான் வரும். வெயிலில் காயப்போட்ட ரப்பர் மாதிரி ஒரு வாசனை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஏய் சைலன்ட் மோடு, கஸ்டமர் நிக்கறாங்க. பேகா, சீக்கிரம் குடு" என்றார் முதலாளி அண்ணன்.

கொடுத்தேன். அவர்கள் போன பிறகும் என் விரலில் அந்தச் சூடு இருந்தது. எழுத வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் முதல்முறை வந்ததும் இதே மாதிரி ஒரு பென்டிரைவோடுதான். ஒரே அட்டையில் விரல்நுனி அளவுக்கு நாற்பது படைவீரர்கள். அச்சடித்து, ஒவ்வொருவராக வெட்டித் தர முடியுமா என்று கேட்டீர்கள்.

"கட்டிங் எல்லாம் நம்ம பொண்ணு சூப்பரா பண்ணும் மேடம். பேச மட்டும் பேசாது" என்றார் அண்ணன்.

"பேசற கடைங்க ஊரெல்லாம் இருக்குதுங்ணா. வெட்டற கடைதான் வேணும்" என்றீர்கள்.

பெங்களூரிலேயே வளர்ந்த எனக்குக் கரூர்ப் பேச்சு அப்போது தெரியாது. அந்த 'ங்ணா' வேடிக்கையாக இருந்தது. குனிந்து சிரித்துக்கொண்டேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

மறுநாள் வாங்க வந்தபோது ஒரு வீரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "ஈட்டி முனைகூட போகல பாரு" என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டீர்கள். பிறகு என்னிடம், "இத்தனை பேரை வெட்டியிருக்க. இவங்க எங்க போய் என்ன பண்ணுவாங்கன்னு தெரிய வேண்டாமா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றீர்கள். எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் உங்கள் வீடு. ஆஸ்டின் டவுனில் மாடியில் ஓர் அறையும் சமையலறையும். அம்மா முதலில் தனியாக வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து, "சுவரெல்லாம் வாள் படமா இருக்குது. ஆனா நல்ல பொண்ணுதான், போ" என்றாள்.

முதல் ஞாயிறு எனக்கு மிகவும் கஷ்டமான நாள். உங்கள் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஆடியது கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். தன் பாத்திரம் இப்போது என்ன செய்கிறது என்று அவரவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு மருத்துவச்சி வேடம் கொடுத்தீர்கள். காட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான். "நீ என்ன பண்ற?" என்று கதை நடத்தியவர் என்னைக் கேட்டார். ஐந்து முகங்களும் என் பக்கம் திரும்பின.

எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஏழு வரை நான் படித்தது தமிழ்ப் பள்ளி. அதற்குமேல் அங்கே வகுப்பு இல்லை என்று வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். தெருவில் கன்னடம் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். ஆனால் புத்தகத்தைப் பிடித்து எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாக நின்றுவிடும். பின்வரிசையில் சிரிப்பார்கள். ஒருநாள் நின்றது நின்றபடி இருந்தேன், மணி அடிக்கும் வரை. ஒன்பதாம் வகுப்புப் பாதியில், இனி போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நின்றேன். அடிபட்டவன் காட்டில் கிடந்தபடியே இருந்தான்.

நீங்கள் யாரையும் பார்க்காமல், "மருத்துவச்சி பச்சிலை தேடப் போயிருக்கா. வர நேரமாகும். நீங்க போங்க" என்று கதையைத் தள்ளிவிட்டீர்கள். எல்லோரும் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிளைவுட் பலகையை இழுத்தீர்கள். அதில் கட்டம் போட்ட நிலம் ஒட்டியிருந்தது. நான் வெட்டிய வீரர்கள் அடியில் சின்ன அட்டையோடு இரண்டு வரிசையாக நின்றார்கள்.

"இது ரெண்டு பேர் ஆட்டம். போர். இதுல கதை சொல்ல வேண்டாம். எண்ணு மட்டும் சொன்னாப் போதும். நாலு கட்டம், ஆறு கட்டம், பகடையில அஞ்சு. உனக்கு எண்ண வரும்ல?"

எனக்கு எண்ண வரும்.

அதற்குப் பிறகு ஞாயிறு காலை நம்முடையதாகிவிட்டது. உங்கள் நண்பர்கள் வருவது மதியம். பத்து மணிக்கே நான் வந்துவிடுவேன். அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. காலாட்படையை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, நீங்கள் பலகையை முறைத்துக்கொண்டு யோசிக்கும்போது, உங்கள் புருவத்தைப் பார்த்தே என் திட்டம் புரிந்துவிட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பேன். வெளியே ஆட்டோ போகும், கீழ்வீட்டில் குக்கர் கத்தும். நமக்குப் பலகையில் இருக்கும் பாலத்தை யார் முதலில் பிடிப்பது என்பதுதான் உலகம். மூன்று மணிநேரத்தில் நான் இருபது வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டேன். ஆனால் அப்படிப் பேசித் தீர்த்த மாதிரி வேறெங்கும் எனக்கு இருந்ததில்லை.

நிலத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்தோம். துடைப்பக்குச்சியில் பச்சை ஸ்பாஞ்சைக் கிழித்து ஒட்டி மரங்கள். உங்கள் மிக்ஸி வந்த பெட்டியின் தெர்மகோலை அடுக்கி நான் ஒரு மலை செய்தேன். மூன்று அடுக்கு. ஃபெவிகால் காய்ந்ததும் டீத்தூள் தூவி மண் நிறம் கொண்டுவந்தேன். "இது மலையாடி? எங்க வீட்டு எருக்குழி மாதிரி இருக்குது" என்றீர்கள். ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே உங்கள் குதிரைகளை அதன் பின்னால் ஒளித்துவைத்தீர்கள்.

நூல் பிடிப்பதும் அதற்குப் பிறகுதான் வந்தது. விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருந்தது: பீரங்கி தன் கண்ணுக்குத் தெரிகிற எதிரியைத்தான் சுடலாம், நடுவில் மலை இருந்தால் சுடக்கூடாது. தெரிகிறதா இல்லையா என்பதில்தான் சண்டை வரும். அதனால் பூக்கட்டுகிற நூலை எடுத்தோம். ஒரு நுனியைச் சுடுகிறவர் பீரங்கியின் மேல் பிடிக்க வேண்டும். மறுநுனியை எதிராளி தன் வீரனின் மேல் பிடிக்க வேண்டும். நூல் மலையில் படாமல் நேராக நின்றால் சுடலாம். இரண்டு பேரும் பிடித்தால்தான் அது செல்லும். ஒருவர் மட்டும் பிடித்தால் இழுத்துவிடலாம் என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள்.

இன்னொரு சட்டமும் உங்களுடையதுதான். ஆட்டம் முடிந்ததும் அந்தப் போரின் கதையை நீளநோட்டில் எழுத வேண்டும். தோற்றவர்தான் எழுத வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"ஜெயிச்சவங்க எழுதினா பெருமைதான் இருக்கும். தோத்தவங்களுக்குத்தான் எங்க என்ன ஆச்சுன்னு நல்லா ஞாபகம் இருக்கும்."

அந்தச் சட்டத்தால் நோட்டு முழுக்க என் கையெழுத்து. ஏனென்றால் நீங்கள் என்னிடம் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. என் முதல் கதை மூன்று வரி. வாசித்துவிட்டு, "என்னடி இது, மளிகை லிஸ்ட்டா? உன் ஆளுங்க அத்தனை பேர் செத்திருக்காங்க, ஒருத்தனுக்காவது பேர் வெச்சியா?" என்று கத்தினீர்கள். அடுத்த வாரம் பேர் வைத்தேன். அதற்கடுத்த வாரம் அவனுக்கு ஒரு தங்கையும் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் எழுதியதைவிட அதிகமாக அந்த நோட்டில்தான் எழுதினேன். தோற்றுத் தோற்றுத்தான் எழுதினேன்.

ஜெயித்தால் உங்களைத் தாங்க முடியாது, அக்கா. இதைச் சொல்லாமல் விட்டால் எழுதுவது உங்களைப் பற்றித்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். சமையலறைக்கும் அறைக்கும் நடுவில் நடந்து காட்டுவீர்கள். "ராஜா எங்கடி? ஓடிட்டாரா? பஸ் பாஸ் இருக்குதா அவருகிட்ட?" என்பீர்கள். ஆனால் மதிய ஆட்டத்தில் உங்கள் நண்பர்களிடம் தோற்றால் பாத்திரம் கழுவும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். ஒருமுறை, நான் நகர்த்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "விட்டுக்குடுத்தா நான் உன்னை ஏமாத்தற மாதிரி. அதை மட்டும் எங்கிட்டக் கேக்காத" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. நீங்கள் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

போன மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தீர்கள். ரத்தத்தில் ஏதோ சரியில்லை, இன்னும் பரிசோதனை இருக்கிறது என்றீர்கள். கரூரிலிருந்து உங்கள் அம்மா வருகிறேன் என்று சொன்னதற்கு, "அப்பாவுக்கு யார் சோறாக்குவாங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று தடுத்துவிட்டீர்கள். அந்த ஞாயிறு நான் வந்தபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். இடது கை ஊசி குத்தி வீங்கி நீலமாக இருந்தது.

"பலகையை எடு" என்றீர்கள்.

"வேண்டாம்க்கா. தூங்குங்க."

"ஒன்பது நாள் தூங்கினேன். எடுடி."

பலகையைக் கட்டில்மேல் வைத்து ஆடினோம். நீங்கள் சிவப்பு, நான் நீலம். எட்டுச் சுற்று ஆட்டம், அதற்குள் என் பாசறையைப் பிடித்தால் ஜெயிப்பது நீங்கள், பிடிக்காவிட்டால் நான். ஏழு சுற்று முடிந்தபோது எனக்கு ஒரே ஒரு பீரங்கியும் பாசறையும்தான் மிச்சம். பாசறைக்குக் காவல் யாருமில்லை. உங்களுக்கு மலைக்குப் பின்னால் மூன்று குதிரைகள். எட்டாவது சுற்றில் முதலில் நகர்வது நான், அதற்குப் பிறகு நீங்கள். குதிரைக்கு ஆறு கட்டம் உண்டு. என் பாசறை அங்கிருந்து நான்கு கட்டம். வழக்கம்போல நான்தான் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது பார்த்தேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து, மலையின் சரிவு முடிகிற ஓரத்தைத் தாண்டி, உங்கள் முதல் குதிரையின் தலை தெரிந்தது.

"பீரங்கி குதிரையைச் சுடுது" என்றேன்.

நீங்கள் நூல் டப்பாவுக்குக் கையை நீட்டினீர்கள். அந்த வீங்கிய கை நடுங்கியது. பார்க்க முடியவில்லை. "வேண்டாம்க்கா, நல்லாத் தெரியுது" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"சரி, போடு."

ஆறு விழுந்தால்தான் உண்டு, விழுந்தால் பக்கத்தில் நிற்பவையும் சேர்ந்து போகும். ஆறு விழுந்தது. மூன்று குதிரைகளும் போயின. நான் கட்டில்மேலேயே குதித்துவிட்டேன், மரங்கள் சரிந்தன. நீங்கள் கையைத் தட்ட முடியாமல் தொடையில் தட்டினீர்கள். "என் நோட்டை எடு. இன்னிக்கு நான் எழுதணும்" என்றீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு நடந்துபோனது அதுதான் முதல்முறை. அம்மாவிடம்கூடச் சொன்னேன். "ஜெயிச்சிட்டேம்மா" என்று.

செவ்வாய்க்கிழமை உங்களை மறுபடி சேர்த்துவிட்டார்கள். உடை எடுத்துத் தரச் சொல்லி ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் சாவி கொடுத்தனுப்பினீர்கள். புதன் காலை போனேன். பலகை கட்டிலடியில் அப்படியே இருந்தது. ஜெயித்த பலகையை இன்னொருமுறை பார்க்க ஆசையாக இருந்தது. இழுத்து, தரையில் உட்கார்ந்தேன். நூல் டப்பா பக்கத்தில் கிடந்தது. சும்மாதான், அக்கா. விழுந்த குதிரையைத் திரும்ப அதன் கட்டத்தில் நிறுத்தி, நூலின் ஒரு நுனியை அதன் அடியில் செல்லோடேப்பால் ஒட்டி, மறுநுனியைப் பீரங்கிவரை இழுத்தேன்.

நூல் மலைக்குள் போனது. விரல் அகலத்துக்கு. டீத்தூள் உதிர்ந்தது.

இடம் மாறி உட்கார்ந்து இழுத்தேன். டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டி இழுத்தேன். விதிப்புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது குதிரையின் தலை மட்டும்தான். அதுவும் நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு. பீரங்கிக்கு அது தெரியாது. நான் செய்த மலைதான், எனக்கே தெரியவில்லை. அந்தக் குண்டு செல்லாது. குதிரைகள் நான்கு கட்டம் நடந்து என் பாசறையைப் பிடித்திருக்கும். நான் ஜெயிக்கவே இல்லை.

உடைகளை அந்த நண்பரிடமே கொடுத்தனுப்பினேன். உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, நேரில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைத் தயார் செய்தேன். "அக்கா, நூல் மலையில் பட்டது. நீங்கதான் ஜெயிச்சீங்க." அவ்வளவுதான். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேனோ, பக்கத்து சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

உங்கள் ஆஸ்பத்திரி அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கரூரிலிருந்து உங்கள் அம்மா வந்திருந்தார். ஆபீஸிலிருந்து பழக்கூடையோடு சிலர். நான் கதவோரம் நின்றேன். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினீர்கள்.

"எழுதிட்டேன்டி. உன் வெற்றி ஒழுங்கா வந்திருக்குதா பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "ஓ, வின்னர் இவங்கதானா?" என்று சிரித்தார். நான் மறுபடி எட்டாம் வகுப்பில் புத்தகத்தோடு நின்றேன்.

"என்னடி? என்னமோ சொல்ல வந்த."

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு."

"அப்புறம் சொல்றேன்க்கா."

திங்கட்கிழமை மதியம் நீங்கள் போய்விட்டீர்கள்.

நோட்டை நான் மூன்று வாரம் திறக்கவில்லை. திறந்தபோது உங்கள் கையெழுத்து வரிவரியாகக் கீழே சரிந்திருந்தது. "எட்டாவது சுற்று. மலைக்குப் பின்னால் என் குதிரைகள் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். எதிரி அவர்களைக் கண்டுவிட்டாள். பேசாதவள் என்று அவளைக் குறைத்து எடைபோட்டேன். குதிரைகளில் ஒன்றின் பெயர் காவேரி. அது முதலில் விழுந்தது. நான் தோற்றுவிட்டேன். வருத்தமில்லை, அவளுக்கு நியாயமாகக் கிடைத்த வெற்றி."

நியாயமாக.

நீங்கள் தெரிந்தேதான் விட்டிருப்பீர்கள் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அது பொய். நீங்கள் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. என்னை நம்பினீர்கள், அவ்வளவுதான். "தெரியுதா?" என்று கேட்டீர்கள், நான் தெரியுது என்றேன்.

உங்கள் நண்பர்களில் கதை நடத்துபவருக்கு வாட்ஸப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். "அது ஒரு கேம்தானேம்மா, ஃபீல் பண்ணாத" என்று பதில் வந்தது. அவர் நல்லவர். ஆனால் அது ஒரு கேம்தான் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து, வீட்டைக் காலி செய்ய உங்கள் அம்மா வந்தார். கடைக்கே ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனேன். பாதி சாமான் மூட்டையாகிவிட்டிருந்தது.

"வா கண்ணு. நீதான அந்தப் பொம்மைப் படை வெளையாடற புள்ள? அவ ஆஸ்பத்திரியில ஒரு நோட்டு எழுதிட்டிருந்தாளே, அன்னிக்கு உங்கிட்டக் குடுத்தாள்ல. அதைக் குடுத்துரு சாமி. அவ கடைசியா எழுதினது அதுதான்."

கையோடு கொண்டுவந்திருந்தேன். கொடுத்தேன். ஜன்னலோரம் போய்க் கடைசிப் பக்கத்தை வாசித்தார். வெகுநேரம் வாசித்தார்.

"வெளையாட்டுன்னு எனக்குத் தெரியுது கண்ணு. இருந்தாலும் எம்புள்ள கடைசியா எழுதினது தோத்துட்டேன்னு இருக்குது பாரு" என்றார்.

நோட்டை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனார். அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்லீங்கம்மா" என்றேன்.

"என்ன இல்ல?"

"அக்கா தோக்கல."

அடுத்த வார்த்தை வரவில்லை. அதனால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பலகையை இழுத்தேன். சரிந்த மரங்களை நிறுத்தினேன். மூன்று குதிரைகளையும் அவற்றின் கட்டத்தில் வைத்தேன். நூலை எடுத்து ஒரு நுனியை அவரிடம் நீட்டினேன். "இந்தக் குதிரை மேல பிடிங்க." அவர் மூட்டைகளுக்கு நடுவில் சிரமப்பட்டு உட்கார்ந்து பிடித்தார். நான் பீரங்கிமேல் பிடித்தேன். நூல் மலைக்குள் புதைந்தது.

அதற்குப் பிறகு சொன்னேன். மலை இருந்தால் சுடக்கூடாது என்பதை, அக்காவின் கை நடுங்கியதை, நான் வேண்டாம் என்றதை, ஆறு விழுந்ததை, ஆஸ்பத்திரியில் ஒண்ணுமில்லை என்றதை. நடுவில் திக்கினேன், நிறுத்தவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை.

அவர் நூலை விடவில்லை. "அப்ப அவ குதிரைங்க செத்துருக்கக் கூடாது" என்றார்.

"ஆமாங்கம்மா."

"அப்பறம்?"

நான் காவேரியை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பாசறையில் வைத்தேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அணைத்துக்கொள்வார் என்றும் கொஞ்சம் நினைத்தேன். இரண்டும் இல்லை. "அவளுக்குத் தெரியாதா இது?" என்று கேட்டார்.

"தெரியாதுங்கம்மா. நான் சொல்லல."

அவர் நோட்டை என் மடியில் வைத்தார். "எழுது கண்ணு. அவ எழுதினதுக்குக் கீழ எழுது. அவங்கப்பாவுக்குக் காட்டோணும். பொம்மையை வெச்சுக்கிட்டு வெளையாடறா, வெளையாடறான்னு வைஞ்சுக்கிட்டே இருந்த மனுசன். இப்ப வீட்டைவிட்டு வெளிய வர மாட்டேங்கறாரு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினேன். நூல் மலையில் பட்டது என்று எழுதினேன். யார் தவறு என்று எழுதினேன். என் பாசறை எப்படி விழுந்தது என்று எழுதினேன். எழுதி முடித்ததும் வாங்கி, உதடசைய வாசித்து, பைக்குள் வைத்தார். பலகையையும் படைகளையும் நீயே வைத்துக்கொள் என்றார். ஆட்டோவில் ஏறும்போது என் தலையில் கை வைத்தார். சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஒரு வாரம் கழித்துப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் அப்பா.

"ஏம்மா, குதிரைக்கு எத்தனை கட்டம்?"

"ஆறுங்க."

"பாசறைக்கு?"

"நாலுங்க."

"அப்ப ரெண்டு மிச்சமிருந்துருக்குது" என்றார். வைத்துவிட்டார்.

இப்போது நான் உங்கள் நண்பர்களோடு ஞாயிறு மதியங்களில் ஆடுகிறேன். கதை ஆட்டம் இன்னும் வரவில்லை, போர்தான். போன மாதம் அவர்களிடமும் இதை நானே வாயால் சொன்னேன். அந்தக் கதை நடத்துபவர் இந்த முறை கேம்தானே என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது, அக்கா. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, நண்பர்களுக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் ஜெயித்தது தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான்.